எழுதுவது கூடிப்போச்சு, படிப்பது?

தொண்ணூறுகள் வரைக்கும் சென்னைத் தெருக்களில் ஆசிட் ஒரு தள்ளுவண்டிச் சரக்கு. பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், தேங்காய் நார் பிரஷ் இவற்றோடு பழைய பீர் பாட்டில்களில் மஞ்சளாக ஆசிட்டும் நிற்கும். காலி பாட்டிலைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மா பத்து வயதுப் பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்வாள். வண்டிக்காரரும் "பார்த்துப் பிடிச்சுக்கப்பா" என்று கையில் கொடுத்து அனுப்புவார். நகைப் பட்டறைக்கு நைட்ரிக், பேட்டரிக் கடைக்கு சல்ஃபியூரிக் என்று பாரிமுனையை ஒட்டிய கெமிக்கல் கடைகளில் பெரிய கண்ணாடி கார்பாய்களைச் சாய்த்து ஊற்றிக் கொடுப்பார்கள். கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், ஆளுக்குக் கடையைத் தெரியும். பில் போட்டால் அதில் சரக்கும் தொகையும் இருக்கும், அவ்வளவுதான். யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இன்று அதே ஆசிட்டுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. தேதி, பெயர், முகவரி, அடையாள அட்டை எண், சரக்கு, அளவு, காரணம், கையெழுத்து, இருப்பு என்று கோடு போட்ட பெரிய நோட்டு. டெல்லியில் 2005-ல் ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இந்த நோட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. பதிவேடு வைக்காமல் சில்லறையில் விற்கக் கூடாது. அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டை இல்லாதவருக்கும், வாங்கும் காரணத்தைச் சொல்லாதவருக்கும் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்குக் கூடவே கூடாது. கையிருப்பு எவ்வளவு என்று 15 நாளுக்குள் கோட்ட அளவிலான நடுவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். நம்மூர் வழக்கில் சொன்னால் ஆர்.டி.ஓ.வுக்கு. மறைத்து வைத்தால் சரக்கு பறிமுதல், 50,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரி ஆய்வகமும் ஆஸ்பத்திரியும்கூட ஆசிட் செலவுக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறும் மாணவர்களைச் சோதிக்க வேண்டும் என்பதுவரை அந்த உத்தரவு போனது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் காரைக்காலில் ஆசிட் வீச்சுக்கு ஆளான இளம் பொறியாளர் இறந்திருந்தார். ஆகவே இங்கே அந்த உத்தரவின் காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒரு நோட்டைப் புரட்டிப் பார்க்க எனக்கு வாய்த்தது. புறநகரில் ஒரு ஹார்டுவேர் கடை. முதல் நாலு பக்கம் அச்சடித்த மாதிரி சுத்தம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து, அடையாள அட்டையின் ஜெராக்ஸ் குண்டூசியில் குத்தியிருக்கிறது. ஐந்தாம் பக்கத்திலிருந்து ஜெராக்ஸ் இல்லை. எட்டாம் பக்கத்திலிருந்து ஒரு வாரத்துக் கணக்கு முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. காரணம் என்ற கட்டத்தில் முதல் வரி "பாத்ரூம் கிளீனிங்". அதற்குக் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒருவர் வந்தார்.

"அண்ணே, எதுக்குன்னு போடணும்?"

"பாத்ரூமுக்குன்னு போடுங்க, வேற எதுக்கு?"

கடைக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. முதல் நாலு பக்கத்தை அவர் நிஜமாகவே அக்கறையோடு எழுதியிருக்கிறார். "யாராச்சும் வந்து பார்த்திருக்காங்களா?" என்று கேட்டேன். "எலெக்‌ஷன் சமயத்துல பணம் இருக்கான்னு பார்க்க வந்தாங்க. இதை யாரும் கேக்கலீங்க" என்றார். எந்தக் கணக்கையும் ஒருவர் படிப்பார் என்ற நினைப்பு இருக்கும்வரைதான் ஒழுங்காக எழுதுவோம். அந்த நினைப்பு அவருக்கு ஐந்தாம் பக்கத்தில் போய்விட்டது.

இரசாயனம் கையாளுகிறவர்களிடம் அரசு கேட்கும் கணக்கு அன்றைக்கும் இன்றைக்கும் எப்படி மாறியிருக்கிறது என்று யோசித்தால், எனக்கு இந்த ஐந்தாம் பக்கம்தான் கண்ணில் நிற்கிறது. பதிவேடுகள், படிவங்கள், ரிட்டர்ன்கள், போர்ட்டல்கள் எல்லாம் பல மடங்கு பெருகிவிட்டன. படிக்க உட்கார்ந்த ஆள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

சட்டமே இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததாக நினைக்க வேண்டாம். அந்தத் தள்ளுவண்டி போன காலத்திலும் விஷச் சட்டம் இருந்தது. 1904-ல் வந்த முதல் சட்டத்துக்குப் பதிலாக 1919-ல் வந்தது அது, இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்துக்கும் குறைவான பிரிவுகள், இரண்டு மூன்று தாளில் முடிந்துவிடும். வெள்ளைக்காரன் கவலை அன்றைக்கு வெள்ளைப் பாஷாணம். தோலுக்காக மாட்டுக்கு அதை வைத்துக் கொன்றார்கள், சொத்துக்காக மனிதருக்கும் வைத்தார்கள். ஆகவே எந்தெந்த விஷம், யாருக்கு லைசென்ஸ், பதிவேட்டில் என்ன எழுத வேண்டும், யார் சோதிப்பது என்பதை மாகாண அரசுகள் விதி போட்டுத் தீர்மானிக்கலாம் என்றது சட்டம். முதல் தடவை மீறினால் மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தக் காலத்து 500 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

அந்தப் பதிவேட்டுக்கு ஒரு வாசகர் உண்டு, போலீஸ்காரர். ஆனால் அவர் பிணம் விழுந்த பிறகுதான் வருவார். யார் வாங்கினது என்று பின்னோக்கித் தேடுவதற்காக எழுதப்பட்ட நோட்டு அது. முன்கூட்டித் தடுப்பது அதன் வேலை இல்லை. 2013 உத்தரவின் ஆசிட் நோட்டும் அடிப்படையில் அதே குடும்பம்தான். ஒன்றைச் சேர்த்துக்கொண்டது: கையிருப்பைச் சொல் என்றது. நூறு லிட்டர் வந்தது, எண்பது விற்றது, மீதி இருபது கடையில் இருக்கிறதா? யார் வாங்கினது என்ற கேள்விக்குப் பொய்ப் பெயர் சொல்லித் தப்பலாம். மீதி எங்கே என்ற கேள்விக்குப் பதில் பீப்பாயில் இருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் இந்த ஒரு கட்டம்தான் என்பேன்.

அந்தக் கட்டத்தை ஒருவரும் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் மெத்தனால் சாட்சி. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குடித்தது காய்ச்சிய சாராயமே இல்லை, தொழிற்சாலை மெத்தனால் என்று காவல் துறை சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். பெயிண்ட், தின்னர், பிசின், மருந்து என்று மெத்தனாலுக்கு நியாயமான வேலைகள் ஏராளம். பார்க்கவும் மோக்கவும் நல்ல ஆல்கஹால் மாதிரியேதான் இருக்கும். உள்ளே போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. முதலில் கண் போகும். பத்து மில்லிகூடப் பார்வையைப் பறிக்கலாம்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. மெதில் ஆல்கஹாலை வைத்திருக்க லைசென்ஸ், கணக்கு, சோதனை எல்லாவற்றையும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-லேயே போட்ட விதிகள் இருக்கின்றன. அதாவது எக்கியார்குப்பத்துக்கு அறுபத்து நாலு ஆண்டுக்கு முன்னால். இருந்தும் சரக்கு எப்படி வெளியே வருகிறது? ஆலையின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் வரவு, உபயோகம், இருப்பு என்ற மூன்றுக்கும் நடுவில் சேதாரம் என்று ஒன்று உண்டு. மெத்தனால் சட்டென்று ஆவியாகிற பொருள். வெயிலில் டேங்கர் வந்து நின்றால், ஒரு பம்ப் சொட்டினால், ரியாக்டரைத் திறந்தால் கொஞ்சம் போகத்தான் செய்யும். 20,000 லிட்டர் டேங்கரில் 200 லிட்டர் டிரம் ஒன்று குறைந்தால் கணக்கில் அது ஒரு சதவீதம். எந்த ஆடிட்டரும் பேனாவை நிறுத்தமாட்டார். அந்த டிரம் ராத்திரியில் ஒரு டாடா ஏஸில் ஏறிப் போனால் அது ஒரு குப்பத்தையே காலி செய்யப் போதும்.

இந்த ஒரு சதவீதத்தைப் பிடிக்க ஒரே வழி, விற்றவர் கணக்கையும் வாங்கியவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. முன்பு அது நடக்காத காரியம். விற்றவர் நோட்டு மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ இருக்கும், வாங்கியவர் நோட்டு கும்மிடிப்பூண்டியில் இருக்கும். இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது. 2018-லிருந்து ஈ-வே பில் இல்லாமல் டேங்கர் மாநில எல்லை தாண்ட முடியாது. எந்தச் சரக்கு, எத்தனை கிலோ, எந்த வண்டி, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் வரித் துறைக் கணினியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணினி வரிக்காகத்தான் படிக்கிறது. வரி கட்டிய மெத்தனால் அதன் கண்ணுக்கு நல்ல மெத்தனால். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அந்த மாதமே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை என்று ஆக்கியது. தண்டனை கூடினது சரி. சேதாரக் கட்டத்தை மாதா மாதம் கூட்டிக் கழித்துப் பார்க்கிற குமாஸ்தா ஒருவர் அதைவிட மலிவு என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் போபாலுக்குப் போகாமல் முடியாது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையின் ஒரு தொட்டியிலிருந்து 40 டன் அளவுக்கு மீதைல் ஐசோசயனேட் வெளியேறியது. ஆலைக்கு அந்தப் பெயர் தெரியும். ஊருக்குத் தெரியாது, ஹமீதியா ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவர்களுக்கு எந்த வாயு உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமலே சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், காற்று போகும் திசையில் ஓடாதீர்கள் என்ற இரண்டு வரி அந்தக் குடிசைகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். ஓடினவர்கள்தான் அதிகம் மூச்சிழுத்தார்கள்.

அந்தச் சாவுகளிலிருந்து இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பாடம் படித்தன. அமெரிக்காவில் அதே கம்பெனிக்கு மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் ஒரு ஆலை இருந்தது. அங்கேயும் அதே இரசாயனம் தயாரானது. 1985 ஆகஸ்டில் அந்த ஆலையில் வேறொரு இரசாயனம் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நடந்தால் இங்கே நடக்காதா என்ற பயம் தட்டியது. 1986 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. அவசரகாலத் திட்டமிடலுக்கும் மக்கள் அறியும் உரிமைக்குமான சட்டம் என்று பெயரிலேயே அதைச் சொன்னார்கள். ஆலை என்னென்ன வைத்திருக்கிறது என்று உள்ளூர்க் குழுவுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள நச்சுப் பொருட்களைக் காற்றிலும் தண்ணீரிலும் மண்ணிலும் எத்தனை பவுண்டு விட்டது என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் கணினி வழியாக யாரும் பார்க்கும்படி அரசு வைக்க வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டது.

முதல் கணக்கு 1987-ஆம் ஆண்டுக்கானது, 1988 ஜூலை 1-க்குள் கொடுக்க வேண்டியது. கெடு முடிகிற நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மான்சான்டோ கம்பெனியின் தலைவர் தன் ஆலைகள் காற்றில் விடும் நச்சுப் பொருட்களை 1992 முடிவதற்குள் 90 சதவீதம் குறைப்பதாகத் தானாகவே முன்வந்து அறிவித்தார். சட்டம் அப்படி எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு விடலாம் என்று வரம்புகூட அந்தச் சட்டம் போடவில்லை, சொல் என்று மட்டும்தான் சொன்னது. சொன்ன எண் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும், தன் ஊழியரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பேசுவார்கள் என்று தெரிந்ததும் கம்பெனிக்குத் தன் கணக்கைத் தானே ஒருமுறை படிக்கத் தோன்றியது. அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் குறைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு, அளக்காமல் மதிப்பிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் படிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற பயம் வேலை செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நாம் என்ன செய்தோம்? குறைவாகச் செய்யவில்லை. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயத் தொழில் நடத்துகிறவர் தொழிலாளிக்கும் தலைமை ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்று 41பி பிரிவு. 1989 நவம்பரில் அபாய இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதிக்கான விதிகள். அந்த விதிகளில் எந்த இரசாயனம் எத்தனை டன்னைத் தாண்டினால் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் உண்டு. மீதைல் ஐசோசயனேட்டுக்கு அங்கே போட்டிருக்கும் அளவு 150 கிலோ. போபால் தொட்டியில் இருந்தது 40 டன். அந்த ஒரு வரியை எழுதியவர் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆலை தொடங்க மூன்று மாதம் முன்பே தகவல், பாதுகாப்பு அறிக்கை, ஆலைக்குள் என்ன செய்வது, ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்று இரண்டு அவசரத் திட்டம், பெரிய விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிக்கை. 15-ஆம் விதி, பாதிக்கப்படக்கூடிய மக்களிடம் ஆபத்தின் தன்மையையும் அப்போது செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் முன்பே சொல்லிவைக்கச் சொல்கிறது. போபாலுக்குத் தேவைப்பட்ட அந்த இரண்டு வரிதான் அது.

காகிதத்தில் அமெரிக்கச் சட்டத்துக்கு இது இளைத்ததில்லை. நம் கணக்கு மேலேதான் போனது என்பதுதான் வித்தியாசம். ஆலையிலிருந்து ஆய்வாளருக்கு, ஆய்வாளரிடமிருந்து இயக்குநரகத்துக்கு, அங்கிருந்து அலமாரிக்கு. பக்கவாட்டில், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுக்கு அது வரவில்லை.

எண்பதுகளில் ஒரு நடுத்தர சாயப் பட்டறையிலோ தோல் இரசாயன ஆலையிலோ கணக்கு என்பது டைப்ரைட்டரும் கார்பன் தாளும். அசலும் மூன்று நகலும் அடித்து, ஒன்றை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, அத்தாட்சிச் சீட்டைக் கோப்பில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது. ஆய்வாளர் வருவார். டீயும் முந்திரியும் வரும். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்து விழும். அந்த முறையை எண்ணி நான் ஏங்கவில்லை. அதில் கறையும் லஞ்சமும் தாராளமாக இருந்தன. ஆனாலும் நல்ல ஆய்வாளர் ஒருவர் வந்தால், நோட்டைப் படித்த கையோடு கோடவுனுக்கு நடந்து போய் டிரம்மைத் தட்டிப் பார்ப்பார். நிறைந்த டிரம்மின் சத்தமும் காலி டிரம்மின் சத்தமும் வேறு.

இன்று அதே ஆலையின் சூழல் பிரிவில் வேலை பார்க்கிற பையனுக்கு ஆண்டு முழுவதும் கெடு. அபாயக் கழிவின் ஆண்டறிக்கை நாலாம் படிவத்தில் ஜூன் 30-க்குள். சுற்றுச்சூழல் அறிக்கை செப்டம்பர் 30-க்குள். கழிவு ஏற்றிய ஒவ்வொரு லாரிக்கும் மேனிஃபெஸ்ட். வெடிபொருள் பாதுகாப்புத் துறைக்குத் தனி, தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குத் தனி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட்டல், ஒரு பாஸ்வேர்டு, ஓ.டி.பி. போவது மட்டும் முதலாளியின் போனுக்கு, அவர் அந்நேரம் விமானத்தில். டிராப்டவுனில் தன் இரசாயனத்தின் பெயர் இல்லாமல் "மற்றவை" என்று அமுக்குவது அன்றாடம். போன வருட ஃபைலைத் திறந்து எண்ணில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஏற்றுவதும் நடக்கிறது. ஏற்றியதும் பச்சை எழுத்தில் ஏற்கப்பட்டது என்று வருகிறது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உற்பத்தி இரட்டித்திருக்கிறதே, கழிவு மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது என்று எந்தப் போர்ட்டலும் அவனைத் திருப்பிக் கேட்பதில்லை. தட்டிப் பார்க்கும் கை அங்கே இல்லை.

ஆனால் நம்மிடமே நன்றாகப் படிக்கப்படுகிற கணக்குகளும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். முகத்துக்குப் போடும் க்ரீமிலும் சிமென்ட் அரைப்பிலும் சேர்க்கிற ட்ரைஎத்தனாலமைன் என்ற சாதுவான திரவம், இரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. அதிலிருந்து கொப்புளம் போடும் நச்சு வாயு ஒன்றைத் தயாரிக்கலாம் என்பது காரணம். ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் அதைத் தயாரிக்கிற இந்திய ஆலை, அதற்கென்றே உள்ள தேசிய ஆணையத்திடம் கணக்குக் கொடுக்க வேண்டும். 2000-ல் இயற்றி 2005-ல் நடப்புக்கு வந்த சட்டம் அது. அந்தக் கணக்கு தி ஹேகுக்குப் போகிறது. அங்கிருந்து சில நாள் முன்னறிவிப்பில் ஆய்வாளர்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அசெட்டிக் அன்ஹைட்ரைடும் அப்படித்தான். ஆஸ்பிரினுக்கும் வேண்டும், ஹெராயினுக்கும் வேண்டும். அதைக் கையாளுகிறவர்கள் போதைப்பொருள் தடுப்பு அமைப்பிடம் பதிவு எண் வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் கொடுக்கிறார்கள். ஏற்றுமதி என்றால் கப்பல் கிளம்புமுன்பே வாங்கும் நாட்டுக்குத் தகவல் போகிறது. அப்படி ஒரு கம்பெனியே எங்கள் ஊரில் இல்லை என்று பதில் வந்தால் சரக்கு நின்றுவிடும். இரண்டு கணக்கை எதிரெதிரே வைத்துப் படிப்பது இங்கே உலக அளவில் நடக்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு இதுவே போதும். வெளிநாட்டான் சாவான் என்றால் படிக்க ஆள் போடுகிறோம், எக்கியார்குப்பத்துக்கு என்றால் போடுவதில்லை என்று சொன்னால் கோபம் வரலாம். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

2020 ஆகஸ்டு ஒரு தனிக் கதை. பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது கள்ளச் சரக்கு இல்லை. ஆறு ஆண்டுக்கு மேலாகக் கிடங்கில், பதிவேட்டில், பெயரோடும் எடையோடும் இருந்தது. சுங்க அதிகாரிகள் அதை அப்புறப்படுத்தச் சொல்லி நீதிமன்றத்துக்குப் பலமுறை கடிதமும் எழுதியிருந்தார்கள். வெடித்த இரண்டு மூன்று நாளில் சென்னைக்கு நினைவு வந்தது: நம் மணலியிலும் இருக்கிறதே! கரூர் நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்து 2015-ல் சுங்கத் துறை பறிமுதல் செய்த ஏறக்குறைய 700 டன், 37 கன்டெய்னர்களில், ஊருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அம்மோனியம் நைட்ரேட்டுக்கென்று 2012-லேயே தனி விதிகள் உண்டு. லைசென்ஸ், ரிட்டர்ன் எல்லாம் உண்டு. ஐந்து ஆண்டாக அசையாத சரக்கு, மத்திய தரைக்கடல் ஓரத்தில் இன்னொரு ஊர் எரிந்த பிறகு சில நாட்களில் ஏலம் முடிந்து ஹைதராபாத்துக்கு லாரி ஏறிவிட்டது. எழுதியிருந்ததை ஒருவர் படித்தால் எவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கும் என்பதற்கு அந்த வாரம் போதுமான சாட்சி.

மூன்று ஆண்டு கழித்து 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உர ஆலைக்குக் கப்பலிலிருந்து இறக்குகிற குழாய். மூச்சு முட்டி எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். மிச்சாங் புயலின்போது ஆற்றில் கலந்த எண்ணெய்க்கு அந்த மாதம் ஏற்கெனவே அல்லாடிக்கொண்டிருந்த ஊர். என்ன வாயு, எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஈரத் துணி உதவுமா என்பது அவர்களில் எத்தனை பேருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது? 15-ஆம் விதிக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

இதற்கெல்லாம் வாசகரை நியமிக்கச் சட்டம் மறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1996-ல் வந்த இரசாயன விபத்து விதிகள் மாவட்டத்துக்கு ஒரு நெருக்கடிக் குழு, தொழிற்பேட்டைக்கு ஒரு உள்ளூர் நெருக்கடிக் குழு என்று அமைக்கச் சொல்கின்றன. மாவட்டக் குழு 45 நாளுக்கு ஒருமுறையும் உள்ளூர்க் குழு மாதம் ஒருமுறையும் கூட வேண்டும். உள்ளூர்க் குழுவுக்குத் தலைவர் கோட்ட நடுவர். ஆசிட் கடைக்காரர் கையிருப்பைச் சொல்ல வேண்டிய அதே ஆர்.டி.ஓ. உறுப்பினர் பட்டியலில் தொழிற்சாலை ஆய்வாளரும் தீயணைப்பு அலுவலரும் இருப்பது எதிர்பார்த்ததுதான். அவர்களோடு அபாயச் சரக்கு ஏற்றுகிற லாரிக்காரர்கள் இரண்டு பேர், உள்ளூர் டாக்டர்கள் இரண்டு பேர், சமூக சேவகர்கள் இரண்டு பேர், ஊராட்சித் தலைவரைப் போல ஊரில் சொல்வாக்குள்ள ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவர். உங்கள் ஊர்ப் பக்கம் ஆலை இருந்தால், போன மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.